சோதனை ஸ்கிரிப்ட் சில கோப்புகளில் மட்டும் ஏன் நின்றுவிடுகிறது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

கையேடு முழுவதும் மளமளவென்று ஓடுகிறது, ஏதோ ஓர் அத்தியாயம் வந்ததும் ஆவணச் சோதனை ஸ்கிரிப்ட் அசையாமல் நிற்கிறது என்று உங்களில் பலர் அண்மையில் எழுதியிருந்தீர்கள். பிழைச்செய்தி எதுவும் வருவதில்லை, சிபியு மட்டும் நூறு சதவீதத்தில் கொதிக்கிறது. சிலர் நினைவகத்தைக் கூட்டிப் பார்த்தீர்கள், ஒருவர் புதுக் கணினியே வாங்கிவிட்டார். பயன் இருந்திருக்காது. சிக்கல் வன்பொருளில் இல்லை. ஸ்கிரிப்டோடு நீங்கள் சேர்த்து ஓட்டும் சொந்த விதிக் கோப்புகளில், ரெஜெக்ஸ் (உரையில் எதைத் தேட வேண்டும் என்று குறிகளால் சொல்லும் வடிவம்) எழுதப்பட்டிருக்கும் விதத்தில் இருக்கிறது.

எங்களுக்கு வந்த விதிகளில் ஒன்றை எடுத்துக்கொள்கிறோம். குறிப்புப் பெட்டிகளின் தலைப்பு முக்காற்புள்ளியில் முடிய வேண்டும் என்பது அந்த விதி. அதன் எலும்புக்கூடு இது:

^(எ+ஒ*இ?)+:$

இதில் 'எ' என்பது அ முதல் ஹ வரையிலான ஏதாவது ஓர் எழுத்து. 'ஒ' என்பது அதோடு ஒட்டும் புள்ளியோ, கால், கொம்பு, சுழி போன்ற குறியோ. 'இ' என்பது இடைவெளி. ^ வரியின் தொடக்கம், $ வரியின் முடிவு. + என்றால் 'ஒன்றோ பலவோ', * என்றால் 'இல்லாமலும் இருக்கலாம், எத்தனையும் வரலாம்', ? என்றால் 'இருந்தால் ஒன்று'. ஒட்டுகளை இப்படித் தனியாகச் சொல்ல வேண்டி வந்ததற்குக் காரணம் உண்டு. பைத்தான் நிரல்மொழியின் உள்ளமைந்த ரெஜெக்ஸ் தொகுதியில் 'சொல்லில் வரும் எழுத்து எதுவானாலும்' என்பதற்கு ஒரு சுருக்கக்குறி இருக்கிறது. தமிழ்ப் புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் அது எழுத்தாக ஏற்பதில்லை. 'கவனம்' என்று எழுதினால் 'கவனம' வரை வந்து நின்றுவிடும். ஆகவே தமிழ் ஆவணம் வைத்திருப்பவர்கள் தாங்களே ஒரு வடிவம் கட்டிக்கொள்கிறார்கள். ஆங்கில அத்தியாயங்களில் வராத தேக்கம் தமிழ் அத்தியாயங்களில் மட்டும் வருவது இதனால்தான்.

இப்போது 'கடவுச்சொல் மறந்தவர்கள் கவனத்துக்கு' என்று ஒரு தலைப்பு. கடைசியில் முக்காற்புள்ளி போட மறந்துவிட்டார்கள். கணினி தனித்தனியாக எண்ணும் முதல் நான்கு குறிகளை மட்டும் பாருங்கள்: க, ட, வ, அதன்மேல் உகரக் குறி. அடைப்புக்குறிக்குள் இருக்கும் கூட்டல் 'எத்தனை எழுத்தையும் ஒரே பிடியில் எடு' என்கிறது, வெளியில் இருக்கும் கூட்டல் 'எத்தனை பிடி வேண்டுமானாலும் பிடி' என்கிறது. ஆக 'கடவு' என்பதை கடவு என்று ஒரே பிடியாக எடுக்கலாம், க–டவு என்றும் கட–வு என்றும் பிரிக்கலாம், க–ட–வு என்று மூன்றாகவும் பிரிக்கலாம். நான்கு வழி. ஒட்டு இல்லாத ஓர் எழுத்தை அடுத்து இன்னோர் எழுத்து வரும் இடத்திலெல்லாம் 'இங்கே வெட்டலாமா, கூடாதா' என்று இரண்டு வாய்ப்பு உண்டு. அந்தத் தலைப்பில் 'கடவுச்சொல்' என்பதில் 2, 'மறந்தவர்கள்' என்பதில் 5, 'கவனத்துக்கு' என்பதில் 3, மொத்தம் 10 இடங்கள். இரண்டைப் பத்துமுறை பெருக்கினால் 1,024.

பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றில் வழக்கமாக இருக்கும் ரெஜெக்ஸ் எஞ்சின் (வடிவத்தை உரையோடு பொருத்திப் பார்க்கும் பகுதி) ஒரு வழியில் போய்ப் பார்க்கும், முட்டினால் பின்வாங்கி அடுத்த வழியில் போகும். முக்காற்புள்ளி இருந்தால் முதல் வழியிலேயே வேலை முடிந்துவிடும். இல்லையென்றால், அது இல்லை என்பதை 1,024 வழியிலும் தனித்தனியாகக் கண்டுபிடித்த பிறகுதான் கைவிடும். ஆயிரம் என்பது கணினிக்குத் தூசு. தலைப்பு இரண்டு மடங்கு நீண்டு அப்படிப்பட்ட இடங்கள் 20 ஆனால் 10 லட்சத்தைத் தாண்டும். 30 ஆனால் 107 கோடிக்கு மேல், நிமிடக் கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். விதியை எழுதியவர் சரியான தலைப்புகளை வைத்தே சோதித்துப் பார்த்திருப்பார், எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் தேறியிருக்கும். இந்த வகைக் கோளாறு மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

திருத்தம் என்னவென்றால், உள்ளே இருக்கும் ஒரு கூட்டல் குறியை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்:

^(எஒ*இ?)+:$

ஒரு பிடிக்கு ஓர் எழுத்து என்று ஆகிவிட்டால் வரியைப் பிரிக்க ஒரே வழிதான் உண்டு. ஏற்கும் வரிகளிலும் மறுக்கும் வரிகளிலும் எந்த மாற்றமும் இல்லை.

இரண்டாவது வகை இவ்வளவு கொடூரமில்லை, ஆனால் அதிகம் பேரிடம் இருக்கிறது. வரிக் கடைசியில் தேவையில்லாத இடைவெளி கிடக்கிறதா என்று பார்க்கும் விதி. 'ஒன்றோ பலவோ இடைவெளி, பிறகு வரி முடிவு' என்று எழுதித் தேடச் சொன்னால், வரி நடுவே நீண்ட இடைவெளி இருக்கும்போது எஞ்சின் முதல் இடைவெளியிலிருந்து கடைசிவரை நடந்து ஏமாறும், பிறகு இரண்டாவதிலிருந்து நடந்து ஏமாறும், இப்படியே போகும். இதை வெறும் ஏட்டுக் கணக்கு என்று ஒதுக்க வேண்டாம். 2016 ஜூலை 20 அன்று நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 34 நிமிடம் முடங்கியது இதே வடிவத்தால்தான். ஒரு பதிவில் தொடர்ச்சியாகச் சுமார் 20,000 இடைவெளிகள் இருந்தன, கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 20 கோடி ஒப்பீடு. 2019 ஜூலை 2 அன்று பல இணையதளங்களுக்குப் பாதுகாப்பும் வேகமும் தரும் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 27 நிமிடம் தடுமாறியதும் ஒரு ரெஜெக்ஸால்தான். 'எதுவானாலும், எத்தனையானாலும்' என்பது ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தது. உங்கள் கையேடுகளில் நெடுவரிசைகளை இடைவெளி தட்டி நேர்ப்படுத்திய அட்டவணைகள் இருந்தால் இந்த விதியை ரெஜெக்ஸில் எழுதாதீர்கள். வரியின் வால் இடைவெளியை நறுக்கும் சாதாரண சரச் செயல்கூறு (உரையைக் கையாளும் ஆயத்தக் கட்டளை) போதும். நறுக்குமுன் நறுக்கியபின் நீளம் மாறியதா என்று பார்த்தால் விடை வந்துவிடும். ரெஜெக்ஸ் தெரிந்தவர்களுக்கு இதைச் சொன்னால் கொஞ்சம் கௌரவக் குறைச்சலாகப் படுகிறது, என்ன செய்ய!

எந்த விதி இழுக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி? நிரலில் எங்கே நேரம் போகிறது என்று அளக்கும் புரொஃபைலர் இதில் பாதி தூரம்தான் வரும். 'நேரமெல்லாம் பொருத்திப் பார்க்கும் செயல்கூறில் போகிறது' என்று சொல்லும், வடிவத்தின் எந்தப் பகுதியில் என்று சொல்லாது. முதலில் விதிகளைப் பாதியாக அணைத்துவிட்டு ஓட்டுங்கள், எந்தப் பாதியில் தேக்கம் என்று தெரிந்ததும் அதையும் பாதியாக்குங்கள். விதி சிக்கியபின் கோப்பையும் அதேபோல் வெட்டிக்கொண்டே வந்தால் ஒரே ஒரு வரி மிஞ்சும். அந்த வரியில் 'க' போல ஒட்டில்லாத எழுத்தை ஒவ்வொன்றாக அடுத்தடுத்துக் கூட்டி நேரத்தை அளந்து பாருங்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் நேரம் இரட்டிப்பானால் மேலே சொன்ன முதல் வகை. வரி நடுவே உள்ள நீண்ட இடைவெளியை இரண்டு மடங்காக்கும்போது நேரம் நான்கு மடங்கானால் இரண்டாவது வகை.

'பின்வாங்காத எஞ்சினுக்கே மாறிவிடலாமே' என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. கணினி அறிஞர் கென் தாம்சன் 1968லேயே எல்லா வழியையும் ஒரே நேரத்தில் தூக்கிக்கொண்டு நடக்கும் முறையை எழுதிவைத்தார். கூகுளின் ஆர்இ2 என்னும் ரெஜெக்ஸ் எஞ்சினும் கோ நிரல்மொழியின் ரெஜெக்ஸும் அந்த வழியில் வந்தவை, உரை நீளத்துக்கு நேர்விகிதத்தில்தான் நேரம் எடுக்கும். ஆனால் முன்பு பிடித்த சொல்லையே மறுபடி கேட்கும் வசதி அவற்றில் இல்லை. 'அந்த அந்தப் பொத்தானை' என்பதுபோல் இரட்டித்த சொல்லைப் பிடிக்கும் விதியை அந்த வசதி இல்லாமல் ரெஜெக்ஸில் எழுத முடியாது, உங்களில் பெரும்பாலோர் தினமும் ஓட்டும் விதியும் அதுதான். ஆகவே இப்போதைக்கு மாறவில்லை.

அதற்குப் பதிலாக அடுத்த பதிப்பில் நேர வரம்பு வருகிறது. பைத்தானின் உள்ளமைந்த தொகுதியில் அதற்கு வழி கிடையாது. தனி த்ரெட்டில் (ஒரே நிரலுக்குள் பக்கத்தில் ஓடும் வேலை இழையில்) ஓடவிட்டாலும் பொருத்தம் முடியும்வரை இன்டர்பிரிட்டரின் (பைத்தான் நிரலை ஓட்டும் மென்பொருளின்) பூட்டை அது பிடித்துக்கொண்டே இருக்கும், மற்ற த்ரெட்டுகளுக்கு வேலை நடக்காது. ஆகவே விதிகளைத் தனிப் பிராசஸில் (தனியாக ஓடும், தனியாக நிறுத்தக்கூடிய நிரலில்) ஓட்டுகிறோம். ஒரு கோப்பில் ஒரு விதி 5 நொடியைத் தாண்டினால் அந்தப் பிராசஸை நிறுத்திவிட்டு, விதியின் பெயரையும் வரி எண்ணையும் காட்டிவிட்டு அடுத்த விதிக்குப் போகும். வரம்பை நீங்கள் கூட்டலாம், குறைக்கலாம். அந்தக் கோப்பு 'தேறியது' என்று மட்டும் ஒருபோதும் காட்டாது, 'சோதிக்கப்படவில்லை' என்றுதான் வரும். வெளியீட்டுக்குமுன் சோதனையைத் தானியங்கியாக ஓட்டுபவர்கள் இதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

பைத்தான் 3.11 அல்லது அதற்கு மேல் வைத்திருப்பவர்கள், பிடித்ததை விட்டுக்கொடுக்காத (பின்வாங்கி வேறு வழி பார்க்காத) குழுக்களையும் விதியில் பயன்படுத்தலாம். 3.10இலோ அதற்கு முந்தியதிலோ அதே விதி பிழை காட்டும் என்பதால், பல கணினிகளில் பகிரும் விதிக் கோப்பில் அதைப் போடாமல் இருப்பது நல்லது.

விதியை நீங்களே திருத்த முடியாவிட்டால் அந்த விதியையும் மாட்டிய வரியையும் எங்களுக்கு அனுப்புங்கள், முழுக் கையேடும் வேண்டாம். ரகசியமான ஆவணம் என்றால் வரியில் உள்ள எழுத்துகளையெல்லாம் 'க' என்று மாற்றி அனுப்பலாம். புள்ளி, கால், கொம்பு, இடைவெளி ஆகியவற்றை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள், வரியையும் சுருக்காதீர்கள்.

அன்புடன்,
வாடிக்கையாளர் உதவிக் குழு