ஜெய்சல்மேர் வில்லாவில் இரண்டு இரவு: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நவம்பர் முதல் பிப்ரவரி வரைக்குமான ஜெய்சல்மேர் பயண விவரத்தை அனுப்பியதிலிருந்து எங்கள் கரோல் பாக் அலுவலகத்துக்கு ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. “கூடாரத்தில் தங்குகிற செலவைப் போல ஐந்தாறு மடங்கு கொடுத்து, ஊருக்கு வெளியே வில்லாவில் ஏன் தங்க வேண்டும்?” மயூர் விஹாரிலிருந்து கேட்டார்கள், ஆர்.கே. புரத்திலிருந்து கேட்டார்கள், குருகிராமிலிருந்தும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. போனில் ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொல்வதைவிட, எல்லாவற்றையும் எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

முதலில் கூடாரம். பெரும்பாலான கூடாரங்கள் ஜெய்சல்மேருக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில், சாம் மணல்மேடுகளை ஒட்டி இருக்கின்றன. மணல்மேடு அழகுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சீசனில் வரிசையாக முகாம்கள், முகாமுக்கு முகாம் ஒலிபெருக்கி, இரவு வெகுநேரம் வரை சினிமாப் பாட்டு. சூரியன் மறைவதை ஜீப்புகள் கிளப்பும் புழுதிக்கு நடுவில் பார்க்க வேண்டியிருக்கும். நண்பர்கள் கூட்டமாகப் போய் ஆடிப்பாடி வர விரும்புகிறவர்களுக்கு அது பிடிக்கும். அவர்களுக்கு இப்போதும் ஏற்பாடு செய்து தருகிறோம். அப்பா அம்மாவையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு பாலைவனத்தைப் பார்க்க வேண்டும் என்று வருகிறவர்களை அங்கே அனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை.

வில்லாவில் நீங்கள் முதலில் பணம் கொடுப்பது இடத்துக்கு. நாங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் வீடுகள் பெரிய சாலையிலிருந்து விலகி, ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் இருக்கின்றன. ஜெய்சல்மேரின் மஞ்சள் கல்லில் கட்டியவை. சுவர் கனமானது, ஜன்னல் சிறியது, நடுவில் முற்றம். பகல் வெயில் அந்தக் கல்லைத் தாண்டி உள்ளே வருவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். இரவில் வெளியே குளிர் ஏறும்போது சுவர் மெல்லச் சூட்டைக் கொடுக்கும். துணிக் கூடாரத்தில் இந்த வசதி கிடையாது. காற்றில் ஈரமும் வானத்தில் மேகமும் இல்லாததால் மணல் சூரியன் போனதுமே ஆறிவிடுகிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் 5 டிகிரிக்குக் கீழும் இறங்குவதுண்டு. வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

அடுத்தது இருட்டு. தில்லியில் நவம்பர் வந்தால் நிலாவே புகைக்குப் பின்னால் மங்கித்தான் தெரிகிறது. நம் குழந்தைகள் நட்சத்திரம் பார்ப்பதே அபூர்வம். இந்த வீடுகளில் இரவு உணவு முடிந்ததும் வெளி விளக்குகளை அணைத்துவிடச் சொல்லியிருக்கிறோம். மார்கழியில் இரவு பத்து, பதினொரு மணி வாக்கில் மொட்டைமாடியில் மல்லாந்து படுத்தால் கார்த்திகைக் கூட்டம் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். கிழக்கே சற்றுத் தள்ளி ரோகிணி சிவப்பாக, அதற்கும் கீழே திருவாதிரை. பஞ்சாங்கத்தில் பெயராக மட்டும் தெரிந்ததைப் பிள்ளைகளுக்கு விரல் நீட்டிக் காட்டலாம். நிலா வெளிச்சம் இருந்தால் நட்சத்திரங்கள் மங்கிவிடும். ஆகவே நட்சத்திரம் முக்கியம் என்றால் அமாவாசையை ஒட்டித் தேதி கேளுங்கள். தர்ப்பணம் உள்ளவர்கள் அதை முடித்துவிட்டு மறுநாள் கிளம்பினாலும் ஒன்றும் குறையாது. மணல்மேட்டை நிலவொளியில் பார்க்க ஆசை இருந்தால் பௌர்ணமி.

இனி நீச்சல் குளம். “ஆடம்பர வில்லா என்கிறீர்கள், அறைக்கு அறை தனிக் குளம் இல்லையே” என்று சிலர் கேட்டார்கள். தெரிந்தேதான் அப்படிப்பட்ட இடங்களைத் தவிர்த்தோம். ஜெய்சல்மேர் மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் பெய்கிற மழை 200 மில்லிமீட்டரைத் தொடுவதே கஷ்டம். பஞ்சாபில் சட்லஜும் பியாஸும் கூடும் ஹரிகேயிலிருந்து இந்திரா காந்தி கால்வாய் வழியாக 600 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து தண்ணீர் இந்தப் பக்கம் வருகிறது. கால்வாய் எட்டாத சிற்றூர்களுக்கு டேங்கர் லாரி. அப்படி வந்த தண்ணீரை ஒரு குடும்பம் இரண்டு நாள் கால் நனைக்க வெயிலில் தேக்கி வைப்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. குளிக்க வெந்நீர் தாராளமாகக் கிடைக்கும்.

கோட்டைக்குள் அறை கேட்பவர்களுக்கும் இதையே சொல்கிறோம். ராவல் ஜெய்சல் 1156இல் எழுப்பிய கோட்டை அது. 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, இன்றும் உள்ளே ஜனங்கள் குடியிருக்கிறார்கள். குழாய்த் தண்ணீரும் விடுதிகளும் பெருகியபின் கழிவுநீர் அடியில் கசிந்து, மதிலும் வீடுகளும் சேதமாகியிருக்கின்றன. பகலில் நிதானமாகச் சுற்றிப் பாருங்கள், கைவினைப் பொருள் வாங்குங்கள். தங்குவது வெளியே இருக்கட்டும்.

சாப்பாடு பற்றிக் கவலை வேண்டாம். முழுச் சைவ அடுப்பு கேட்டிருக்கிறோம். தயிர் சாதமும் செய்து தருவார்கள். ஆனால் ஒரு வேளையாவது கம்பு ரொட்டியும் கேர் சாங்ரியும் சாப்பிட்டுப் பாருங்கள். சாங்ரி என்பது வன்னி மரத்துக் காய். விருத்தாசலம் கோயிலில் தல விருட்சமாக நிற்கும் அதே வன்னி, ராஜஸ்தானின் மாநில மரம். காய்ந்த காய் பார்க்கக் கொத்தவரங்காய் வற்றல் போலவே இருக்கும். முதல் நாள் இரவே ஊறப்போட்டு, வேகவைத்து, கசப்பு நீக்கிய கேர் காயோடு சேர்த்து, எண்ணெயில் மிளகாயும் மாங்காய்ப் பொடியும் போட்டு வதக்குவார்கள். புளிப்பும் காரமுமாக, நம் நாக்குக்கு உடனே பழகிவிடும்.

ஒரு மாலை மாங்கணியார் பாடகர்கள் வருவார்கள். தலைமுறை தலைமுறையாகத் தங்களை ஆதரித்த ராஜபுத்திரக் குடும்பங்களின் பிறப்புக்கும் கல்யாணத்துக்கும் பாடி வரும் முஸ்லிம் கலைஞர்கள் இவர்கள். கமாய்ச்சா என்று ஒரு வாத்தியம். மாமரத்தைக் குடைந்து, ஆட்டுத்தோல் போர்த்தி, வில்லால் இழுத்து வாசிப்பது. அதை வாசித்த சாகர் கானுக்கு 2012இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மைக் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். தயவுசெய்து சினிமாப் பாட்டு பாடச் சொல்லாதீர்கள். பாடகர்களுக்கான தொகை எங்கள் கட்டணத்திலேயே சேர்ந்திருக்கிறது.

மணலில் ஜீப்பைத் தாறுமாறாக ஓட்டும் சவாரி எங்கள் திட்டத்தில் கிடையாது, தனியாகக் கேட்டாலும் ஏற்பாடு செய்வதில்லை. பக்கத்திலேயே 3,162 சதுர கிலோமீட்டரில் பாலைவனத் தேசியப் பூங்கா இருக்கிறது. உலகத்தில் இருநூறுகூட மிஞ்சாத கானமயிலுக்கு அந்தப் புல்வெளிதான் பெரிய புகலிடம். மணலைப் பிடித்து வைத்திருக்கும் சேவண் புல் சக்கரத்தில் நசுங்கினால் சுலபத்தில் திரும்ப வராது. விடிகாலையில் வெயில் ஏறுமுன் நடந்து போங்கள். இரவு நடமாடிய வண்டு, பல்லி, நரியின் தடங்கள் காற்று கலைப்பதற்கு முன் அப்படியே பதிந்திருக்கும்.

போக்குவரத்து: பழைய தில்லியிலிருந்து இரவு மண்டோர் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் ஜோத்பூர். அங்கிருந்து பொக்ரான் வழியாகக் காரில் சுமார் 280 கிலோமீட்டர், நடுவில் சாப்பிட நிறுத்தினாலும் பிற்பகலில் சேர்ந்துவிடலாம். ஒரே இரவு தங்க இவ்வளவு தூரம் போவது உடம்புக்கும் பணத்துக்கும் கேடு, அதனால்தான் குறைந்தது இரண்டு இரவு என்று வைத்திருக்கிறோம். அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாயைத் தாண்டுவதால் ஜிஎஸ்டி 18 சதவீதம். பில்லில் அது தனியாகத் தெரியும்.

பெரிய மருத்துவமனை ஜெய்சல்மேர் ஊருக்குள்தான் இருக்கிறது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளைக் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் முன்பே சொன்னால் படியில்லாத அறையாகப் பார்த்து ஒதுக்குவோம். அமெரிக்காவிலிருந்து வரும் பிள்ளைகள் வெளிநாட்டு பாஸ்போர்ட்டில் வந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். எல்லையோரப் பகுதிகளுக்கு அவர்களுக்குத் தனி அனுமதி தேவைப்படும்.

பள்ளி விடுமுறை நாட்களுக்கு அறைகள் குறைவு. அந்தத் தேதிகள் வேண்டும் என்பவர்கள் தீபாவளிக்குள் முன்பணம் கட்டிவிட்டால் எங்களால் உறுதியாக ஒதுக்கித் தர முடியும்.

அன்புடன்,
உங்கள் பயண ஏற்பாட்டாளர்கள்
கரோல் பாக், புதுதில்லி