நீ கொடுத்தனுப்பிய பாலைவனப் புத்தகங்கள்

தேவிபட்டினம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். புத்தகப் பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. ஊர் மாறிப் போன டாக்டர் விட்டுச்சென்ற புத்தகங்கள், எனக்குப் படிக்க நேரமில்லை, அப்பா படிக்கட்டும் என்று எழுதியிருந்தாய். கூடவே இன்னொரு வரி: "ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஒன்றுமே இல்லை அப்பா, செம்மண்ணும் வெயிலும்தான்." ஆஸ்திரேலியாவின் நடுவில் நீ வேலை பார்க்கும் ஊரைப் பற்றிய அந்த வரிக்குத்தான் இந்தக் கடிதம் பதில். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரியில் நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவளிடம் இவ்வளவையும் கொட்டினால் நீ தூங்கிவிடுவாய் ஆத்தா. கடிதம் என்றால் வேண்டும்போது எடுத்துப் படிக்கலாம்.

உன்னைப் போலவே நினைத்துக்கொண்டு அங்கே போனவர்கள் எழுதிய புத்தகங்கள்தான் பெட்டியில் பாதி. முதலில் சார்லஸ் ஸ்டர்ட். 1795-ல் நம் நாட்டில், வங்காள மாகாணத்தில் பிறந்தவர். ஆஸ்திரேலியாவின் நடுவில் ஒரு பெரிய கடல் இருக்கும் என்று நம்பி 1844-ல் தெற்குக் கரையின் அடிலெய்டிலிருந்து கிளம்பினார். ஆட்கள், ஆட்டு மந்தை, வண்டிகள், அதோடு ஒரு படகு! கடற்கரையில் வாழ்கிறவனுக்கு அந்தப் பக்கங்களைப் படிக்க மனம் கனத்துப் போகிறது. கடைசியில் ஒரு நீர்மடுவின் கரையில் ஆறு மாதம் சிக்கிக்கொண்டார்கள். முன்னால் போகவும் தண்ணீர் இல்லை, பின்னால் திரும்பவும் தண்ணீர் இல்லை. பென்சிலின் கரிக்குச்சி காய்ந்து கழன்று விழுந்ததாம், அப்படி ஒரு வெயில். துணைத் தலைவர் ஜேம்ஸ் பூல் அங்கேயே ஸ்கர்வி என்ற சத்துக்குறைவு நோயில் இறந்தார். படகை விட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

ஸ்டர்ட் தேடிய கடல் பொய்யில்லை. சுமார் பதினோரு கோடி ஆண்டுகளுக்கு முன்னால் அந்த நிலத்தின் பெரும்பகுதி கடலுக்கடியில்தான் இருந்தது. உனக்குத் தெற்கே கூபர் பீடியில் ஓபல் கல்லாகவே மாறிப்போன சிப்பிகளைத் தோண்டி எடுக்கிறார்கள். ஸ்டர்ட் 1849-ல் வெளியிட்ட பயணப் புத்தகத்தை அவசியம் படி. பிடிவாதக்காரர்தான், ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறவர்.

சரி, இப்போது எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். நீ தினமும் தாண்டிப் போகும் அந்த ஊர் ஒரு தந்தி ஆபீஸைச் சுற்றி வளர்ந்தது என்று உனக்குத் தெரியுமா? வாழ்நாளெல்லாம் தந்தி ஆபீஸில் இருந்த உன் அப்பாவுக்கு அது தெரிந்த அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. ஜான் மக்டூவல் ஸ்டூவர்ட் 1862-ல் கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்கே கடந்து திரும்பினார். வரும் வழியில் உடம்பு முற்றிலும் கெட்டு, இரண்டு குதிரைகளுக்கு நடுவே கட்டிய தூளியில் படுத்துக்கொண்டுதான் வந்தார். அவர் போன தடத்தை ஒட்டி, சார்லஸ் டாட் என்கிற போஸ்ட் மாஸ்டர் ஜெனரல் சுமார் 3,200 கிலோமீட்டருக்குத் தந்திக் கம்பி இழுத்தார். சுமார் 36,000 கம்பங்கள். 1872 ஆகஸ்ட் 22-ல் இரு பக்கக் கம்பிகளும் சேர்ந்தன. உங்கள் ஊரின் பெயரில் உள்ள ஆலிஸ், டாட்டின் மனைவி. நீ நடந்து தாண்டுகிற மணல் ஆற்றுக்கு டாட்டின் பெயர்.

அப்புறம் இதைக் கேள். வடகரையில் உள்ள டார்வினில் கரையேறிய கடலடிக் கம்பி ஜாவாவிலிருந்து வந்தது. ஜாவாவுக்குச் சிங்கப்பூரிலிருந்து, சிங்கப்பூருக்குப் பினாங்கிலிருந்து, பினாங்குக்கு நம்ம சென்னையிலிருந்து. சென்னைக் கம்பி போட்டது 1870-71-ல். ஆரம்ப காலத்தில் அடிலெய்டிலிருந்து லண்டனுக்குப் போன செய்திகள் உன் ஊர் வழியாக வந்து, சென்னையைத் தொட்டுத்தான் போயிருக்கின்றன. முதலில் நட்ட மரக்கம்பங்களைக் கறையான் தின்றுவிட, பல இடங்களில் இரும்புக் கம்பம் மாற்றினார்கள். கறையானோடு நாங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். 2013 ஜூலையில் இந்தியாவில் தந்தியை நிறுத்தினார்கள். உங்கள் ஊரின் பழைய தந்தி நிலையத்தையோ கல் கட்டடத்தோடு பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். நீ இன்னும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை என்று எழுதியிருந்ததுதான் எனக்கு வருத்தம்.

அந்த நிலையத்தில் 1892 முதல் தலைவராக இருந்தவர் எஃப். ஜே. கில்லன். சின்ன வயதிலேயே தபால் இலாகாவில் சேர்ந்தவர். கம்பி வேலை போக மிச்ச நேரமெல்லாம் அந்த மண்ணின் மக்களான அரெர்ண்டேக்களோடு உட்கார்ந்து அவர்கள் பேச்சைக் கற்றார், உறவுமுறைகளைக் கேட்டு எழுதினார். 1899-ல் உயிரியல் பேராசிரியர் பால்ட்வின் ஸ்பென்சரோடு சேர்ந்து அவர் எழுதிய பெரிய புத்தகம் உலகம் முழுவதும் பேசப்பட்டது. அதற்கும் முன்னால், 1891-ல், பழங்குடி மக்களைக் கொன்றதாக வில்ஷையர் என்ற போலீஸ்காரரை இதே கில்லன் கைது செய்ய வைத்தார். நீதிமன்றம் அவரை விடுவித்துவிட்டது, ஆனாலும் அந்தக் காலத்தில் அதைச் செய்ய எவ்வளவு துணிச்சல் வேண்டும்! கில்லனின் புத்தகத்தில் அந்தக் காலத்து மேட்டிமையும் உண்டு. வெளியாருக்குக் காட்டக்கூடாத சடங்குகளைப் படம் எடுத்துப் போட்டது தவறு என்று பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள், அது நியாயம். ஆனாலும் பெட்டியில் இருந்தவர்களில் உட்கார்ந்து கேட்டவர் என்று எனக்கு முதலில் தோன்றியது அவர்தான்.

கம்பி வந்ததால் வந்த கேட்டையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். தந்தி நிலையம் அமைக்க நல்ல தண்ணீர் வேண்டும், பாலைவனத்தில் நல்ல தண்ணீர் இருக்கும் இடமெல்லாம் யாரோ ஒருவருடைய ஊருணி. 1874-ல் உன் ஊருக்கு வடக்கே பாரோ கிரீக் தந்தி நிலையத்தை, அந்த மண்ணின் மக்களான கேத்தேத்தேக்கள் தாக்கினார்கள். நிலையத் தலைவர் ஸ்டேபிள்டனும் கம்பியாள் ஃபிராங்க்ஸும் இறந்தார்கள். அதற்குப் பழிவாங்கப் போனவர்கள் கேத்தேத்தேக்களில் எத்தனையோ பேரைக் கொன்றார்கள். இறந்த இரண்டு வெள்ளைக்காரர்களின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, மற்றவர்களின் பெயரைப் பக்கம் பக்கமாகத் தேடியும் எனக்குக் கிடைக்கவில்லை. ஊருணிக்காகச் சண்டை போட்ட சீமையில் பிறந்தவன் நான். அந்த அத்தியாயத்தை என்னால் சும்மா கடந்து போக முடியவில்லை.

கண்டத்தைக் கடக்கப் போன பர்க், வில்ஸ் கதையைக் கேள், நீ நர்ஸ் என்பதால் இன்னும் கவனமாகக் கேள். 1860-ல் மெல்போர்னிலிருந்து பெரும் ஆரவாரத்தோடு கிளம்பிய கூட்டம் அது. வடகரை அருகே வரை போய்விட்டு, 1861 ஏப்ரல் 21 மாலை, எலும்பும் தோலுமாகக் கூப்பர் கிரீக் முகாமுக்குத் திரும்பினார்கள். காத்திருந்தவர்கள் அன்று காலையில்தான் கிளம்பிப் போயிருந்தார்கள். சுற்றிலும் யான்ட்ருவாண்டா மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். மீன் கொடுத்தார்கள், நார்டூ என்ற செடியின் காயை அரைத்து அடை சுட்டுக் கொடுத்தார்கள். பர்க் ஒரு நாள் துப்பாக்கி வெடித்து அவர்களை விரட்டிவிட்டார். பிறகு தாங்களே நார்டூவை இடித்துத் தின்றார்கள். வயிறு நிறைகிறது, உடம்பு மட்டும் நாளுக்கு நாள் தேய்கிறது என்று வில்ஸ் தன் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டே போகிறார்! அந்தக் காயில் தயமின் என்ற வைட்டமின் சத்தை அழிக்கும் பொருள் இருக்கிறதாம். பக்குவம் தெரியாமல் தின்றதால் பெரிபெரி மாதிரியான நோய் வந்து மெலிந்தார்கள் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். பர்க்கும் வில்ஸும் இறந்தார்கள். அந்த மக்களோடே போய்த் தங்கிய ஜான் கிங் மட்டும் பிழைத்தார்.

அந்த நார்டூ எது தெரியுமா? படத்தைப் பார்த்ததும் உன் அம்மா சொல்லிவிட்டாள், "இது நம்ம ஆரைக்கீரை." நாலு இலை விரித்து, கண்மாய்க் கரையில் நீர் வற்றும்போது படர்ந்து கிடக்குமே, அதே குடும்பம். நாம் கீரையாகச் சமைக்கிறோம், அவர்கள் காயை மாவாக்கினார்கள். இன்னொரு சொந்தக்காரச் செடியும் அங்கே இருக்கிறது. உங்கள் ஊரைச் சுற்றி பஃபல் புல் தீப்பிடித்து எரிகிறது என்று போன மாதம் சொன்னாய் அல்லவா? அது நம் கொழுக்கட்டைப் புல்தான். ஒட்டகச் சேணத்தில் திணித்த வைக்கோலோடு போய் விழுந்து முளைத்தது என்கிறார்கள். இங்கே மாட்டுக்கு நல்ல தீவனம். அங்கே உள்ளூர்ச் செடிகளையெல்லாம் நெருக்கித் தள்ளுகிறது. இங்கே சீமைக்கருவேலம் செய்ததை அங்கே நம் புல் செய்கிறது.

ஒட்டகம் என்றதும் ஒட்டகக்காரர்களைச் சொல்லாமல் விட முடியாது. கராச்சியில் கப்பலேறி, சிந்து, பலுசிஸ்தான், ஆப்கானிஸ்தான், பஞ்சாபிலிருந்து வந்த ஆட்கள். எல்லோரையும் மொத்தமாக ஆப்கானியர் என்றே அழைத்தார்கள். தந்திக் கம்பத்துக்கும் ரயில் பாதைக்கும் பண்ணைகளுக்கும் சரக்கு சுமந்தது அவர்களும் அவர்கள் ஒட்டகங்களும்தான். 1929-ல் உங்கள் ஊருக்கு ரயில் வந்தது, அந்த ரயிலுக்குத்தான் அவர்களை நினைத்து கான் என்று பெயர். தகரக் கொட்டகைகளில் பள்ளிவாசல் கட்டித் தொழுதார்கள். லாரி வந்ததும் பிழைப்பு போனது. ஒட்டகங்களைச் சுட மனமில்லாமல் காட்டில் அவிழ்த்துவிட்டவர்கள் பலர். கிறிஸ்டின் ஸ்டீவன்ஸ் 1989-ல் அவர்களைப் பற்றி முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். முன்னோடிகள் என்று பெரிய எழுத்தில் போடும் பட்டியல்களில் இவர்களைக் கடைசி வரியில் வைப்பது எனக்குச் சம்மதமே இல்லை.

விமானத்தில் போய் வைத்தியம் பார்த்த ஃப்ளையிங் டாக்டர் புத்தகத்தை நீயே படித்துக்கொள், அது உன் தொழில். 1928-ல் க்ளான்கரியிலிருந்து முதல் விமானம் பறந்தது. அடுத்த வருஷம் டிரேகர் என்ற என்ஜினியர் காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் ரேடியோவைச் செய்து கொடுத்தார். தந்திக் குறியீடான மோர்ஸ் தெரியாத பண்ணை வீட்டுப் பெண்களுக்காக, எழுத்தைத் தட்டினாலே மோர்ஸாகப் போகும் தட்டச்சுப் பலகையையும் பிறகு செய்தார். அந்த மனிதரின் கையைப் பிடித்துக் கும்பிட வேண்டும் போல இருக்கிறது.

நம் அகநானூற்றில் 400 பாட்டில் 200 பாலைப்பாட்டு. போனவர்களை நினைத்து வீட்டில் இருப்பவர்கள் பேசுவது அதில் எவ்வளவு! நீ போன பிறகுதான் அவற்றை எனக்கு முழுதாகப் படிக்க முடிகிறது.

உனக்கு ஒரு வேலை சொல்கிறேன். உன் வார்டுக்கு வரும் அரெர்ண்டேப் பாட்டிகளிடம், மருந்து கொடுத்த பிறகு, டாட் ஆற்று மணலில் எங்கே தோண்டினால் தண்ணீர் வரும் என்று கேள். நம் கடற்கரையில் பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையில் மொண்டு நிரப்புவார்கள் என்று நீயும் அவர்களுக்குச் சொல். உங்கள் ஊரின் பெயரில் ஸ்பிரிங்ஸ் இருந்தாலும் அது ஊற்றே இல்லை, மணலடியில் நிற்கும் நீர்தான். அந்த ஊருக்கு அவர்கள் வைத்த பெயர் ம்பார்ன்த்வே. அதன் மலைகளை உண்டாக்கியது கம்பளிப்பூச்சி மூதாதையர் என்பது அவர்கள் கதை. அதை அவர்கள் வாயால் கேட்டு எனக்கு எழுது. புத்தகத்தில் படித்தது எனக்குப் போதவில்லை.

ஒப்பந்தத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்று கேட்டிருந்தாய். அது உன் முடிவு. கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய், அவ்வளவுதான்.

ராபின் டேவிட்சன் 1977-ல் நாலு ஒட்டகத்தோடும் ஒரு நாயோடும் உங்கள் ஊரிலிருந்து மேற்குக் கடல் வரை சுமார் 2,700 கிலோமீட்டர் நடந்த கதையை, ராத்திரிகளில் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வழியில் எட்டி என்ற பெரியவர் துணைக்கு வரும் இடம் அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நாய் பத்திரமாகப் போய்ச் சேருமா என்று தினமும் கேட்கிறாள். நீ போனில் பேசும்போது தயவுசெய்து எதுவும் சொல்லிவிடாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா