புதிய போக்கர் தளம் நடத்துவோருக்கு: பணம் எடுக்கும் வழியை முதலில் காட்டுங்கள்

ஆன்லைன் போக்கர் தளம் புதிதாகத் தொடங்கியிருப்பவர்களுக்கும் தொடங்கப்போகிறவர்களுக்கும்,

வணக்கம்.

நான் பொழுதுபோக்குக்காக போக்கர் ஆடுபவன். வேலை முடிந்த இரவில் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம், ஒரே ஒரு டேபிள். முழுதும் போனாலும் வீட்டுச் செலவைத் தொடாத ஒரு தொகையை ஒதுக்கிவைத்து அதற்குள்தான் ஆடுவேன். இதை வைத்துப் பிழைக்கவில்லை, பிழைக்கும் எண்ணமும் இல்லை. புதிய தளம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் ஒருமுறை உள்ளே போய்ப் பார்ப்பேன். பார்த்த தளங்களில் எல்லாம் ஒரே குறை: பணம் போடும் வழி வாசலிலேயே நிற்கிறது, எடுக்கும் வழியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. டெபாசிட் கேட்பதற்கு முன்பே சிலவற்றைச் சொல்லிவிடுங்கள். பணம் எப்படி வெளியே வரும், அதுவரை எங்கே இருக்கும், சீட்டைக் கலைப்பது எது, எதிரில் உட்கார்ந்திருப்பது யார். இவ்வளவுதான் என் கோரிக்கை. ஏன் என்று விளக்கத்தான் இந்த மடல்.

எங்களைப் போன்றவர்கள் உங்களுக்கு வேண்டாத கூட்டம் அல்ல. பணம் வைத்து ஆடும் போக்கரை 1998-இல் பிளானட் போக்கர் இணையத்துக்குக் கொண்டுவந்தது. சில ஆண்டுகள் அது ஒரு சிறு வட்டத்தின் ஆட்டமாகவே இருந்தது. 2003-இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், நூறு டாலருக்கும் குறைவாகக் கட்டி இணையத்தில் ஆடிய தகுதிச்சுற்றில் ஜெயித்து, உலகின் பெரிய போக்கர் போட்டித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கரின் முதன்மைப் போட்டிக்குப் போனார். 839 பேர் ஆடிய அந்தப் போட்டியில் முதலிடம் பிடித்து 25 லட்சம் டாலர் வென்றார். அடுத்த ஆண்டு அதே போட்டிக்கு 2,576 பேர் வந்தார்கள். வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆடிய ஒருவரைப் பார்த்து, அவரைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்கள் வந்ததால் வளர்ந்த தொழில் உங்களுடையது. நாங்கள் போய்விட்டால், கைதேர்ந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அவர்களும் அடுத்த வாரமே கிளம்பிவிடுவார்கள்.

இனி பணம் எடுக்கும் கதைக்கு வருகிறேன். நான் ஆடிப் பார்த்த ஒரு தளத்தில் டெபாசிட் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. அடையாள அட்டை பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பணத்தை எடுக்கப் போனபோது எல்லாம் மாறியது. அட்டையின் படத்தை அனுப்பினேன். மூலை சரியாகத் தெரியவில்லை என்று திரும்பி வந்தது. மறுபடியும் எடுத்து அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் முகவரிச் சான்று வேண்டும் என்றார்கள். அதையும் கொடுத்தேன். திரையில் "பரிசீலனையில் உள்ளது" என்ற வரி மட்டும் நாள் கணக்கில் அப்படியே நின்றது. பக்கத்திலேயே அதைவிடப் பெரிய எழுத்தில், பளிச்சென்ற பச்சை நிறத்தில் ஒரு பொத்தான்: "ரத்து செய்துவிட்டு ஆடத் தொடங்குங்கள்." ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் கண் முதலில் அதன்மேல்தான் விழும். அலுத்துக் களைத்த ஒருவர் நள்ளிரவில் அதை அழுத்துவார் என்று கணக்குப் போட்டுத்தான் அதை அங்கே வைத்திருக்கிறார்கள். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது அந்தப் பொத்தானைப் பார்த்துத்தான்.

இதைத் திருத்த முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். பிரிட்டனில் வயதையும் அடையாளத்தையும் ஆட விடுவதற்கு முன்பே சரிபார்க்க வேண்டும் என்பது 2019-இலிருந்து விதி. முன்பே கேட்டிருக்கக்கூடிய ஆவணத்தைப் பணம் எடுக்கும் நேரத்தில் கேட்டு இழுத்தடிக்கக் கூடாது என்பதும் அதோடு வந்ததே. பணம் எடுக்கக் கொடுத்த கோரிக்கையை ரத்து செய்து மறுபடி ஆடத் தூண்டும் வசதியையும் அங்கே 2021-இல் நிரந்தரமாகத் தடை செய்துவிட்டார்கள். உங்களுக்கு உரிமம் கொடுத்த அமைப்பு இதையெல்லாம் கேட்காமல் இருக்கலாம். நீங்களாகவே செய்யலாமே. பதிவு செய்யும் நாளிலேயே ஆவணங்களை வாங்கிச் சரிபார்த்து முடித்துவிடுங்கள். குறைந்தபட்சம் எவ்வளவு எடுக்கலாம், எத்தனை நாளில் வரும், கட்டணம் எவ்வளவு, போட்ட வழியிலேயே எடுக்க முடியுமா என்ற நான்கையும் டெபாசிட் பக்கத்திலேயே எழுதுங்கள்.

அந்தப் பக்கத்தில் இன்னொன்றும் இருக்க வேண்டும். ஆடும் இடத்துச் சட்டம் பணம் வைத்து ஆடுவதை அனுமதிக்கவில்லை என்றால் பதிவு செய்யும்போதே சொல்லித் திருப்பி அனுப்புங்கள். டெபாசிட் வாங்கும்போது எல்லா ஊரும் உங்களுக்குச் சம்மதம், எடுக்க வரும்போது மட்டும் "உங்கள் பகுதிக்குச் சேவை இல்லை" என்பது பகல் கொள்ளை.

போட்ட பணம் எங்கே இருக்கிறது என்பது அடுத்தது. 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசுத் தரப்பு போக்கர்ஸ்டார்ஸ், ஃபுல் டில்ட் போக்கர், அப்சல்யூட் போக்கர் ஆகிய நிறுவனங்களின் நிறுவனர்கள் உள்ளிட்டோர் மீது வழக்குத் தொடுத்தது. போக்கர் ஆடுபவர்கள் இன்றும் கறுப்பு வெள்ளி என்று சொல்வது அந்த நாளைத்தான். இடி எல்லோர் தலையிலும் ஒரே நாளில்தான் விழுந்தது. ஆனால் போக்கர்ஸ்டார்ஸில் பணம் வைத்திருந்த அமெரிக்க ஆட்டக்காரர்களுக்கு அது சில வாரங்களிலேயே திரும்பக் கிடைத்தது. ஃபுல் டில்ட்டின் கதை வேறு. ஆட்டக்காரர்களுக்கு அது கொடுக்க வேண்டியிருந்தது சுமார் 39 கோடி டாலர். வங்கியில் இருந்ததோ சுமார் 6 கோடி என்று அரசுத் தரப்பு பின்னர் நீதிமன்றத்தில் சொன்னது. மீதிப் பணம் திரையில் எண்ணாக மட்டும் இருந்திருக்கிறது. ஆட்டக்காரர்கள் அந்த எண்ணை நம்பி ஆடினார்கள், ஜெயித்தார்கள், தோற்றார்கள். 2012-இல் போக்கர்ஸ்டார்ஸ் 73.1 கோடி டாலருக்கு அரசோடு ஒப்பந்தம் செய்து ஃபுல் டில்ட்டின் சொத்துகளை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகும் அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் பணம் வரத் தொடங்கியது 2014-இல்தான்.

அதனால்தான் கேட்கிறேன். எங்கள் பணம் உங்கள் கல்லாவில் கலந்திருக்கிறதா, தனிக் கணக்கில் இருக்கிறதா? தனிக் கணக்கு என்றால், நிறுவனம் நொடித்துப் போனால் கடன்காரர்கள் அதில் கைவைக்க முடியுமா, முடியாதா? வெறும் தனிக் கணக்கும் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட அறக்கட்டளைக் கணக்கும் ஒன்றல்ல. வாடிக்கையாளர் பணத்துக்கு எந்த அளவு பாதுகாப்பு இருக்கிறது என்று பிரிட்டனில் தரம் பிரித்தே சொல்ல வேண்டும். பாதுகாப்பு இல்லை என்றால் இல்லை என்றாவது எழுத வேண்டும். புதிய தளத்துக்கு இது இன்னும் முக்கியம். பழைய தளத்துக்குப் பெயர் இருக்கிறது. உங்களிடம் காட்டுவதற்கு இருப்பது கணக்கு மட்டும்தான்.

சீட்டு கலைப்பது பற்றி எல்லாத் தளங்களும் ஒரே வரியைத்தான் எழுதுகின்றன: "சான்றளிக்கப்பட்ட சீரற்ற எண் உருவாக்கி." எந்தச் சீட்டு எப்போது விழும் என்று யாரும் ஊகிக்க முடியாதபடி எண்களை எடுக்கும் நிரல் அது. அந்த வரி எனக்குப் போதாது. 52 சீட்டுகளை வரிசைப்படுத்தும் வழிகளின் எண்ணிக்கையை எழுதினால் 68 இலக்கங்கள் வரும். 1999-இல் பிளானட் போக்கர் பயன்படுத்திய மென்பொருளோ 32 பிட் எண் ஒன்றிலிருந்து கலைத்தது. அதாவது சுமார் 429 கோடி வரிசைகளுக்கு மேல் வரவே வராது. அந்த எண்ணையும் நள்ளிரவிலிருந்து கடந்த மில்லி வினாடிகளை வைத்து எடுத்ததால், ஒரு நாளைக்கு 8.64 கோடி வரிசைகள்தான் மிச்சம். ஆய்வாளர்கள் சிலர் தங்கள் கணினியின் கடிகாரத்தைத் தளத்தின் கடிகாரத்தோடு ஒத்துவைத்து, அதை ஏறக்குறைய 2 லட்சமாகக் குறைத்தார்கள். கையில் இருக்கும் இரண்டு சீட்டும், எல்லோருக்கும் பொதுவாக முதலில் திறக்கும் மூன்று சீட்டும் (ஃபிளாப்) தெரிந்தால் போதும். எதிராளிகளின் சீட்டும், இனி விழப்போகும் நான்காவது, ஐந்தாவது பொதுச் சீட்டுகளும் (டர்ன், ரிவர்) அப்படியே திரையில் வந்தன. இதில் நான் மதிக்கும் ஒரு விஷயம் உண்டு. நேர்மையாகக் கலைக்கிறோம் என்று காட்டுவதற்காக நிரலைத் தளத்தார் தாங்களே வெளியிட்டிருந்தார்கள். வெளியிட்டதால்தான் ஓட்டை தெரிந்தது, அடைக்கவும் முடிந்தது. உங்கள் மென்பொருளைச் சோதித்தது யார், எந்தத் தேதியில், எந்தப் பதிப்பை என்று எழுதுங்கள். அதற்குப் பிறகு நிரலை மாற்றினீர்களா என்பதையும் எழுதுங்கள்.

ஆனால் கலைப்பது சரியாக இருந்தாலும் ஏமாற்ற முடியும். 2007-இல் அப்சல்யூட் போக்கரில் ஒரு கணக்கு மற்றவர்களின் மறைசீட்டுகளைப் பார்த்து ஆடியது அம்பலமானது. அதைக் கண்டுபிடித்தவர்கள் ஆட்டக்காரர்கள். ஒரு போட்டியின் ஆட்டப் பதிவைக் கேட்டவருக்கு வந்த கோப்பில் எல்லோருடைய சீட்டும் இருந்தது. அதை வரிவரியாகப் பார்த்தபோது, ஜெயித்தவர் ஒவ்வொரு முறையும் எதிராளியின் சீட்டு தெரிந்தவரைப் போலவே ஆடியிருந்தது புலப்பட்டது. உள்ளாள் செய்யும் திருட்டை வெளியாள்தான் பிடிக்க முடியும். அதனால் எங்கள் ஹேண்ட் பதிவுகளை, அதாவது சீட்டு போட்டு முடியும் ஒவ்வொரு சுற்றின் பதிவையும், நாங்களே தரவிறக்கிக்கொள்ள விடுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. அதே பதிவுகளைச் சேர்த்துவைத்துத்தான் தொழில்முறைக்காரர்கள் திரையில் எங்கள் பெயருக்கு மேலே புள்ளிவிவரம் ஓட விடுகிறார்கள். நான் எத்தனை சதவீதம் பணம் போட்டு ஆட்டத்துக்குள் வருகிறேன், எதிராளி பந்தயத்தைக் கூட்டினால் (ரெய்ஸ்) எத்தனை முறை சீட்டைப் போட்டுவிட்டு விலகுகிறேன் என்று எல்லாம் அவர்களுக்குத் தெரியும்; எனக்கு அவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. போடாக் தளம் 2011-இல் பெயரில்லாத டேபிள்களைக் கொண்டுவந்தது. அந்த வகைத் தளங்கள் ஆட்டம் முடிந்து 24 மணி நேரம் கழித்து எல்லோருடைய சீட்டும் தெரியும் பதிவைக் கொடுத்தன. எனக்குத் தெரிந்து இரண்டு பக்கத்துக்கும் நியாயமான வழி அதுதான்.

டேபிளில் உட்கார்ந்ததும் நடப்பதைச் சொல்கிறேன். ஒருவர் மட்டும் காத்திருக்கும் டேபிளில் நான் உட்காருவேன். சில நொடிகளில் மற்ற இடங்கள் நிறையும், காத்திருப்புப் பட்டியலில் பெயர்கள் ஏறும். நான் எழுந்தால் அடுத்த ஹேண்டுக்குள் டேபிளே கலைந்துவிடும். அவர்கள் போக்கர் ஆட வரவில்லை. கைதேராத என்னோடு ஆடத்தான் வந்தார்கள். இடத்தை ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கும் முறையை விட்டுவிட்டு, உங்கள் மென்பொருளே எங்காவது உட்கார வைத்தால் இந்த வேட்டை பெரும்பாலும் நின்றுவிடும். போட்களையும், அதாவது ஆளுக்குப் பதிலாகத் தானே ஆடும் நிரல்களையும், இதோடு சேர்த்தே சொல்ல வேண்டும். 2019-இல் ப்ளூரிபஸ் என்ற நிரல் ஆறு பேர் டேபிளில் தேர்ந்த தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. அதைப் பயிற்றுவிக்கத் தேவைப்பட்ட கணினி நேரத்தின் செலவு சுமார் 150 டாலர் என்று மதிப்பிட்டார்கள். எனவே "எங்கள் தளத்தில் போட் இல்லை" என்று எழுதினால் யாரும் நம்பப்போவதில்லை. எத்தனை கணக்குகளை முடக்கினீர்கள், அவற்றிடம் தோற்றவர்களுக்கு எவ்வளவு திருப்பிக் கொடுத்தீர்கள் என்று மாதம் ஒருமுறை வெளியிடுங்கள்.

ரேக், அதாவது ஒவ்வொரு ஹேண்டிலும் நீங்கள் எடுத்துக்கொள்ளும் பங்கு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சமமான திறமை உள்ள ஆறு பேர் ஆளுக்கு 100 வைத்து உட்காருகிறார்கள். ஒரு ஹேண்டில் நடுவில் சேரும் பந்தயப் பணம் (பாட்) சராசரியாக 10, ரேக் 5 சதவீதம். ஒரு ஹேண்டுக்கு அரை போகிறது. 1,200 ஹேண்டுகளில் அந்த 600-ம் உங்களிடம் வந்துவிடும், ஆறு பேரில் யாரும் ஜெயித்திருக்க மாட்டார்கள். ரேக் எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் கணக்கு குறைந்த பந்தய டேபிளில்தான் மிகக் கடுமையாக இருக்கிறது, புதியவர்கள் உட்காருவதும் அங்கேதான். ஒரு ஹேண்டில் எடுக்கும் ரேக்கின் உச்சவரம்பை அங்கே குறையுங்கள். ஆட ஆடச் சிறிது சிறிதாகக் கிடைக்கும் வரவேற்பு போனஸும் இதே கதைதான். வாரத்தில் இரண்டு இரவு ஆடுபவர் காலக்கெடுவுக்குள் எவ்வளவு பெற முடியும் என்று கணக்கிட்டு அந்தத் தொகையைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

எவ்வளவு டெபாசிட் செய்யலாம் என்ற வரம்பைப் பதிவு செய்யும்போதே கேளுங்கள். குறைக்கச் சொன்னால் உடனே குறையட்டும். கூட்டச் சொன்னால் ஒரு நாளாவது காத்திருக்கட்டும். தோற்றதைப் பிடிக்க ஓடும் மனம் ஒரு நாள் தூங்கி எழுந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கணக்கை மூடச் சொன்னால் "சலுகை தருகிறோம், இருங்கள்" என்று மின்னஞ்சல் அனுப்பாதீர்கள். அந்த மின்னஞ்சலை அந்த வீட்டில் வேறு யாராவது படித்தால் என்ன நினைப்பார்கள் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

என் பக்கத்தில் நான் செய்யப்போவதையும் சொல்லிவிடுகிறேன். மேலே கேட்டவற்றைச் சொல்லும் தளத்தில், அங்கே ஆட எனக்குச் சட்டம் இடம் கொடுத்தால், நீங்கள் வாங்கும் மிகச் சிறிய தொகையைப் போடுவேன். சில இரவுகள் ஆடிவிட்டு, ஜெயித்தாலும் தோற்றாலும், மீதியில் பாதியை எடுக்கக் கோரிக்கை கொடுப்பேன். சொன்ன நாளுக்குள் அது என் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டால் அடுத்த டெபாசிட்டும் உங்களிடம்தான்.

அன்புடன்,
உங்கள் டேபிளில் உட்காரக் காத்திருக்கும் ஒரு பொழுதுபோக்கு ஆட்டக்காரன்