ஸ்டியரிங் பிடிப்பவர் கையில்தான் மீன் இருக்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க ஏரிகளில் தூண்டில் போடுவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மேல்நீரில் லூர் (மீன் மாதிரி செய்த போலி இரை) ஓட்டி, ஸ்ட்ரைப்பர், பாஸ் என்கிற மீன்களைப் பிடிக்க வேண்டுமானால் அதற்கென்றே செய்த பாஸ் படகு வேண்டும், பிள்ளைகுட்டிகளோடு சுற்றுவதற்கு வாங்கிய படகெல்லாம் அதற்கு லாயக்கில்லை என்கிற மாதிரி எழுதியிருந்தார்கள். டல்லாஸ் பக்கம் குடியிருந்துகொண்டு, டெக்சோமா ஏரியில் குடும்பப் படகிலேயே மீன் பிடிக்கிறவன் நான். எனக்கு இது சரியாகப் படவில்லை. படகு எது என்பதைவிட அதை யார் ஓட்டுகிறார், எந்த இடத்தில் எஞ்ஜினை அணைக்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

முதலில் மீனைப் பற்றிக் கொஞ்சம். டெக்சஸுக்கும் ஓக்லஹோமாவுக்கும் நடுவே ரெட் ஆற்றைத் தடுத்து 1944இல் டெனிசன் அணையைக் கட்டி முடித்தார்கள், அதில் தேங்கியதுதான் டெக்சோமா. ஸ்ட்ரைப்பர் இந்த ஏரியின் சொந்த மீன் இல்லை. அட்லாண்டிக் கரையோரத்து மீன் அது, முட்டையிட மட்டும் ஆறு ஏறி வரும். 1940களின் தொடக்கத்தில் தென் கரோலினாவில் சான்டீ-கூப்பர் அணைகள் எழும்பியபோது உள்ளே மாட்டிக்கொண்ட மீன்கள், கடலுக்கே போகாமல் அங்கேயே பெருகின. அதைப் பார்த்த பிறகு மற்ற மாநிலங்களும் தங்கள் ஏரிகளில் விட்டுப் பார்க்க ஆரம்பித்தன, டெக்சோமாவுக்கு 1960களின் நடுவில் வந்து சேர்ந்தது. இதன் முட்டை ஓடுகிற தண்ணீரில் மிதந்தபடியே இரண்டு நாள் போலப் போனால்தான் பொரிக்கும், அடியில் படிந்துவிட்டால் செத்துவிடும். ரெட் ஆறும் வாஷிட்டா ஆறும் போதிய தூரம் ஓடி ஏரியில் சேர்வதால் இங்கே தானாகவே இனம் பெருகுகிறது. ஜார்ஜியாவில் லேனியர் ஏரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, அரசு குஞ்சு விட்டால்தான் மீன். "அமெரிக்க ஏரி எதில் வேண்டுமானாலும் கிடைக்கும்" என்று கட்டுரையில் இருந்தது, அப்படியில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இரண்டாவது, ஸ்ட்ரைப்பரையும் லார்ஜ்மவுத் பாஸையும் ஒரே மீன் மாதிரி எழுதிவிட்டார்கள். இரண்டும் வேறு வேறு குடும்பம், குணமும் வேறு. லார்ஜ்மவுத் ஓரிடத்தில் ஒளிந்திருக்கும், மூழ்கிய மரம், படகுத்துறையின் நிழல், கரையோரப் புல் என்று. இரை பக்கத்தில் வரட்டும் என்று காத்திருந்து ஒரே பாய்ச்சலில் வாயில் போட்டுக்கொண்டு திரும்பிவிடும். ஸ்ட்ரைப்பருக்கு வீடு வாசல் கிடையாது. நடு ஏரியில் கூட்டமாக அலைந்து, ஷாட் என்கிற சின்ன மீன் திரளை (நம் மத்திக்குச் சொந்தக்காரன்தான்) அடியிலிருந்து மேலே விரட்டிக்கொண்டு வரும். மேலே வந்ததும் ஷாட்டுக்குப் போக்கிடம் இல்லை, தண்ணீரே கொதிக்கும். ஐந்து நிமிடமும் நீடிக்கும், அரை நிமிடத்தில் அடங்கிப்போவதும் உண்டு.

அந்த அரை நிமிடத்தில்தான் பாதிப் படகுகள் காரியத்தைக் கெடுத்துக்கொள்கின்றன. தூரத்தில் கொதிப்பைப் பார்த்ததும் முழு வேகத்தில் பறந்து நேராகக் கூட்டத்தின் தலையிலேயே கொண்டுபோய் நிறுத்துவார்கள். பின்னால் வந்த அலை படகையே முந்திக்கொண்டு போய் விழும்போது மீன் ஒன்றுகூட மேலே இருக்காது, சுற்றி நின்று ஒழுங்காகப் பிடித்துக்கொண்டிருந்த நான்கு படகுக்காரர்கள் முறைத்துக்கொண்டு இருப்பார்கள். இப்படி வருவதில் விலை உயர்ந்த பாஸ் படகுகளும் நிறைய உண்டு என்பதைக் கட்டுரையாளர் குறித்துக்கொள்ளட்டும்.

செய்ய வேண்டியது ரொம்ப எளிது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். கொதிப்பைத் தூரமாகச் சுற்றிக்கொண்டு காற்று வரும் பக்கத்துக்குப் போய், இன்னும் நல்ல தூரம் இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, நம் அலை அடங்கட்டும் என்று ஊர்ந்து, அப்புறம் எஞ்ஜினை அணைத்துவிட வேண்டும். மிச்சத் தூரத்தைக் காற்று தள்ளிக்கொண்டு போகும். டிரோலிங் மோட்டார் (சத்தம் போடாத சின்ன மின்மோட்டார்) இருந்தால் நல்லதுதான், இல்லையென்றால் குடி முழுகிப்போகாது. குடும்பப் படகு உயரமாக இருப்பதால் காற்று அதை நன்றாகவே தள்ளும், மிதவைக் குழாய்கள்மேல் தட்டையான தளம் போட்ட பான்டூன் படகை இன்னும் நன்றாகத் தள்ளும், எந்த அளவுக்குத் தள்ளும் என்பதைத்தான் ஓட்டுகிறவர் பழக வேண்டும். தூண்டில் போடுகிறவரின் கை வீசும் தூரத்துக்குக் கூட்டத்தின் ஓரம் வருகிற மாதிரி படகை நிறுத்துவதில்தான் முக்கால்வாசி மீன்பிடிப்பு இருக்கிறது. எங்கள் வீட்டில் அந்த வேலை என் மனைவியுடையது. தூண்டிலைத் தொடவே மாட்டார், ஆனால் எத்தனை மீன் வரும் என்பதைத் தீர்மானிப்பவர் அவர்தான். கூட்டம் அமுங்கிவிட்டால் உடனே சாவியைத் திருப்பக் கூடாது என்பதும் அவர் சொன்னதுதான். பெரும்பாலும் கொஞ்ச தூரம் தள்ளி மறுபடி எழும்பும், எஞ்ஜின் சத்தம் இல்லாமல் இருந்தால் பக்கத்திலேயே எழும்பும்.

முன்பக்கம் உட்கார இடம் விட்ட பௌரைடர் படகில் அந்த மூக்குப் பகுதியே வீசுவதற்குப் போதும். மேலே கட்டியிருக்கும் வெயில் மறைப்பை மட்டும் மடக்கிவிடுங்கள், தூண்டில் கழி அதில் அடிக்கும். கயிறு கட்டுகிற இரும்புக் கொம்புகள்மேல் ஈரத்துண்டு ஒன்றைப் போட்டால் தூண்டில் நரம்பு சிக்காது.

லூர் விஷயத்துக்கு வருகிறேன். கட்டுரையில் ஏழெட்டுப் பெயர்களை அடுக்கியிருந்தார்கள். சுருட்டு வடிவ ஸ்பூக் ஒன்றும், வாய் குழிந்த பாப்பர் ஒன்றும் இருந்தால் ஆரம்பிக்கப் போதும். ஸ்பூக்கை நேராக இழுத்தால் வெறும் குச்சிதான். கழியின் நுனியைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்தி, மணிக்கட்டால் சின்னதாகச் சுண்டி, சுண்டியவுடனே நரம்பைத் தளர்த்த வேண்டும். அந்தத் தளர்வில்தான் லூர் தலையை இடப்பக்கம் திருப்பும், அடுத்த சுண்டலில் வலப்பக்கம், இதைத்தான் லூரை நடத்துவது என்பார்கள். தளர்த்தாமல் இழுத்துக்கொண்டே இருப்பவர்களுக்குத்தான் "எனக்கு மட்டும் நடக்கவே மாட்டேன் என்கிறது" என்ற புலம்பல். நரம்புக்கு மிதக்கும் பின்னல் நரம்பு நல்லது, நுனியில் இரண்டடி மோனோ (ஒற்றை இழை நைலான் நரம்பு) கட்டிக்கொள்ளலாம். ஃபுளோரோகார்பன் நரம்பு தண்ணீரில் அமிழும், லூரின் மூக்கையும் சேர்த்துக் கீழே இழுக்கும், மேல்நீருக்கு அது வேண்டாம்.

அப்புறம் மீன் வந்து லூரை அடிக்கும் அந்த அடி. தண்ணீர் வெடித்துத் தெறிக்கும்போது எவருக்கும் கை தானாகக் கழியைப் பின்னால் இழுக்கும். ஊரில் தவளை லூர் போட்டு விரால் பிடித்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, அவர்கள் கை பொறுத்துப் பழகியது. கண்ணால் பார்த்ததற்கு இழுக்கக் கூடாது, கழியில் பாரம் தெரிந்த பிறகுதான் இழுக்க வேண்டும். ஸ்ட்ரைப்பர் முதல் தடவை தவறவிட்டால் நிறுத்தவே கூடாது, அதே தாளத்தில் நடத்திக்கொண்டே வந்தால் இரண்டாவது, மூன்றாவது ஆள் வந்து அடிக்கும். பாஸுக்கு நேர்மாறு. லூர் விழுந்த வட்டங்கள் அடங்கும்வரை சும்மா கிடக்கட்டும், பிறகு ஒரே ஒரு சுண்டு.

இன்னொன்று, "கடற்பறவைகள் பறக்கும் இடத்தைத் தேடிப் போங்கள்" என்றார்கள். குளிர்காலத்தை ஒட்டிய மாதங்களுக்கு அது சரி. அப்போதும்கூடப் பறவை தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறதா, குத்திக்குத்தி எழுகிறதா என்று பார்க்க வேண்டும். மே, ஜூன் விடியற்காலையில் பறவைகளை நம்ப முடியாது, கண்ணைத்தான் நம்ப வேண்டும். அசையாத தண்ணீரில் ஓரிடத்தில் மட்டும் தூறல் போட்ட மாதிரி ஷாட் துள்ளினால் அடியில் ஆள் வந்துவிட்டான் என்று அர்த்தம். வெயில் ஏறினால் ஆழத்துக்குப் போய்விடும்.

இப்போது நான் கோபப்பட்ட இடம். மேல்நீர் லூர் "குழந்தைகளுக்கு விளையாட்டு மாதிரி" என்று எழுதி, பக்கத்திலேயே படம் ஒன்று போட்டிருந்தீர்கள், ஓடுகிற படகின் முன்னால் இரண்டு பிள்ளைகள், உடம்பில் உயிர்காப்புச் சட்டை இல்லை. இங்கே 26 அடிக்குக் குறைந்த படகு நங்கூரமிடாமல், கரையில் கட்டாமல் தண்ணீரில் இருக்கும்போது, எஞ்ஜினை அணைத்து மிதந்தாலும்கூட, 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் அதைப் போட்டே இருக்க வேண்டும், டெக்சஸிலும் சரி ஓக்லஹோமாவிலும் சரி. பக்கத்தில் வைத்திருந்தேன் என்றெல்லாம் சொல்லித் தப்ப முடியாது. அதேபோல 2021 ஏப்ரலிலிருந்து, இந்த அளவுப் படகு வேகமெடுத்துப் போகும்போது, எஞ்ஜினைத் துண்டிக்கும் கயிறு உள்ள படகில் ஓட்டுபவர் அதைத் தன் உடம்போடு மாட்டியிருக்க வேண்டும் என்று மத்திய அரசின் சட்டமே இருக்கிறது. கொதிப்பைப் பார்த்துத் திடீரென்று திரும்புகிற நேரத்தில்தான் அது வேலைக்கு ஆகும்.

விளையாட்டு என்று சொன்ன அந்த லூரில் மூன்றுமுள் கொக்கி இரண்டோ மூன்றோ தொங்கும். துள்ளுகிற ஸ்ட்ரைப்பர் வாயில் ஒரு கொக்கி, மற்றது காற்றில் ஆடிக்கொண்டு, பக்கத்தில் ஆசையாகக் கையை நீட்டும் ஏழு வயதுப் பிள்ளை, இதை ஒரு நிமிடம் கற்பனை செய்து பாருங்கள். பிள்ளைகள் இருக்கும் படகில் கொக்கி முனையின் உள்பக்கம் இருக்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுவதுதான் என் வழக்கம். நரம்பு தளராமல் பார்த்துக்கொண்டால் அதனால் மீன் அதிகம் தப்பாது, தப்பினாலும் பரவாயில்லை. ஒரு நேரத்தில் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் மட்டும் வீச வேண்டும், மற்றவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும், வீசுவதற்கு முன் திரும்பிப் பார்க்க வேண்டும். மீனைக் கையால் தூக்காமல் கைவலையில் எடுத்து, நீளக் குறடால் கொக்கியைக் கழற்ற வேண்டும். கொக்கியையே வெட்டுகிற பலமான கட்டர் ஒன்று படகில் கட்டாயம் இருக்கட்டும்.

கடைசியாக, "பிடித்து, படம் எடுத்து, விட்டுவிடுங்கள், ஏரி செழிக்கும்" என்ற அறிவுரை. கேட்க நன்றாக இருக்கிறது. பாஸுக்குப் பெரும்பாலும் பொருந்தும். ஸ்ட்ரைப்பர் குளிர்ந்த, காற்றோட்டமுள்ள தண்ணீரைத் தேடும் மீன், கோடையில் சுடுகிற மேல்நீரில் போராடிக் களைத்த பிறகு நீந்திப் போகிற மாதிரி போய் அடியில் செத்துப்போவது நிறைய நடக்கும். ஜூலை, ஆகஸ்டில் முப்பது மீனைப் பிடித்துப் பிடித்து விட்டேன் என்று பெருமையாகச் சொல்பவர் எத்தனையைக் கொன்றார் என்று அவருக்கே தெரியாது. டெக்சோமாவில் ஒருவர் ஒரு நாளைக்கு 10 ஸ்ட்ரைப்பர் வைத்துக்கொள்ளலாம், அதில் 20 அங்குலமோ அதற்கு மேலோ உள்ளவை 2தான். வீட்டுக்கு வேண்டியது கிடைத்ததும் கோடையில் தூண்டிலைச் சுருட்டி வைத்துவிடுவதுதான் நியாயம். எடுத்ததை உடனே ஐஸில் போடுங்கள். தோலுக்கு அடியில் ஓடும் சிவப்புச் சதையைச் சீவி எடுத்துவிட்டுக் குழம்பு வையுங்கள், வாடை இருக்காது.

ஏரி இரண்டு மாநிலத்தில் கிடப்பதால் எந்தப் பக்கம் போடுகிறீர்களோ அந்த மாநிலத்து உரிமம் வேண்டும், இல்லையென்றால் ஏரி முழுவதற்குமான டெக்சோமா உரிமம் எடுக்கலாம். திரும்பும்போது படகிலுள்ள தண்ணீரை முழுக்க வடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். டெக்சஸில் வரிச்சிப்பி (வெளியிலிருந்து வந்து பரவும் ஜீப்ரா மஸல்) முதன்முதலில் 2009இல் இந்த ஏரியில்தான் கண்டுபிடிக்கப்பட்டது, அது ஏரிவிட்டு ஏரி பரவுவது படகுகள் வழியாகத்தான்.

அந்தப் படத்தை இணையப் பதிப்பிலாவது மாற்றிவிடுங்கள். முடிந்தால் அடுத்த ஞாயிறு உயிர்காப்புச் சட்டை, எஞ்ஜின் கயிறு இரண்டையும் பற்றி ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள். மே மாதம் வந்தால் நம் ஆட்கள் நிறையப் பேர் முதல் தடவையாகப் படகு வாங்கி இறக்குவார்கள்.

இப்படிக்கு,
டெக்சஸிலிருந்து உங்கள் வாசகர் ஒருவர்