மண்சரிவுக்கு மழை மட்டும்தான் காரணமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

நீலகிரியில எங்க மண் சரிஞ்சாலும் பேப்பர்ல "கனமழையால் மண்சரிவு"ன்னு ஒரே வரியில முடிச்சிடறீங்க. மழை காரணம் இல்லைன்னு சொல்லல, 2009 நவம்பர்ல கேத்தியில ஒரே நாள்ல 82 செ.மீ. கொட்டுச்சு, அந்த வாரம் மாவட்டத்துல நாப்பது பேருக்கு மேல செத்துப்போனாங்க. ஆனா மழை பெஞ்ச எல்லா சரிவும் இறங்கலையே, ஒண்ணு அப்படியே நிக்குது, பக்கத்துலயே இன்னொண்ணு ரோட்டோட போயிடுது, அது ஏன்னு யாரும் எழுத மாட்டேங்கறீங்க.

இங்க அடியில இருக்கறது சார்னோகைட், உளி தெறிக்கற அளவுக்கு கெட்டிப் பாறை. ஆனா அதுக்குள்ளயும் விரிசல் ஓடுது, அது வழியா தண்ணி இறங்கி இறங்கி லட்சக்கணக்கான வருஷத்துல மேல்பாறை மக்கி செம்மண்ணாவும் களியாவும் ஆகிடுச்சு, நடுவுல மக்காம மிச்சம் நிக்கறதுதான் சரிவு வரும்போது வீட்டு மேல உருண்டு வர்ற குண்டுப் பாறை. பெரிய மழையில மண்ணுக்குள்ள போன தண்ணி கெட்டிப் பாறைய தொட்டதும் அவ்ளோ வேகமா கீழ இறங்க முடியாது, அங்கயே தேங்கி மண்ணோட பிடிய தளர்த்திடுது.

அடுத்தது விரிசல் எந்தப் பக்கம் சாயுதுங்கறது, என்னைக் கேட்டா மெயின் மேட்டரே இதுதான். பள்ளத்தாக்க பாத்து சாஞ்ச பாறையில ரோடு போடறேன்னு ஜேசிபி வெச்சு செங்குத்தா வெட்டினா, மேல உள்ளத தாங்கிட்டிருந்த அடிப்பாகத்தையே எடுத்துடறோம். மலைக்குள்ள பாத்து சாஞ்சிருந்தா அதே வெட்டு ஓரளவு நிக்கும், கல்லு விழும், அது வேற.

ஆறு அறுக்கறதும் இதே கதைதான். மாயாறு மேப்ல கோடு போட்ட மாதிரி நேரா போகுதுன்னா பாறை எப்பவோ நொறுங்கிப்போன பட்டை வழியா போகுது, தண்ணிக்கு அங்க அறுக்க ஈஸி.

இத்தாலியில வயோன்ட் அணையில நடந்தது இத விட கொடுமை. சுண்ணாம்புப் பாறை அடுக்கு, நடுநடுவுல மெல்லிசா களி, எல்லாம் அணைக்குப் பின்னாடி தேங்கின தண்ணிய பாத்தே சாஞ்சிருந்துச்சு. 1963 அக்டோபர் 9 ராத்திரி சுமார் 26 கோடி கன மீட்டர் பாறை அணைத் தண்ணிக்குள்ள சரிஞ்சு, தண்ணி அணைய தாண்டி எகிறி கிட்டத்தட்ட 2000 பேர் போயிட்டாங்க, அணை மட்டும் இடியாம நின்னுச்சு!

ஜியாலஜிக்கல் சர்வே சரிவு அபாய மேப் போட்டு வெச்சிருக்காங்க, ஆன்லைன்லயும் இருக்கு, ஆனா சாதாரண ஆளுக்குப் புரியற மாதிரி இல்ல. ஐப்பசி மழைக்கு முன்னாடி ஊர் ஊரா பிரிச்சு தமிழ்ல ஒரு பக்கம் போடுங்களேன். கூடவே புதுசா கட்டற தடுப்புச்சுவர்ல தண்ணி வெளிய வர ஓட்டை விட்டிருக்காங்களான்னு உங்க நிருபர் ஒருத்தர அனுப்பி பாக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோத்தகிரி