திருவிழாச் சுற்றுலா நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

உலகத் திருவிழாக்களைக் காட்டுவதாக நீங்கள் வெளியிடும் பயண நிரல்களில் விமானம், விடுதி, காலை உணவு எல்லாம் மணிக்கணக்கோடு அச்சாகியிருக்கின்றன. திருவிழா மட்டும் ‘பகலில் ஊர்வலம்’ என்ற ஒரே வரியோடு முடிந்துவிடுகிறது. காசு சேர்த்து அவ்வளவு தூரம் போகிறவர்கள், விழா நடக்கும் ஊரைப் பார்த்துவிட்டு விழாவைத் தவறவிட்டுத் திரும்புகிறார்கள். விழா எந்த மணிக்கு, எந்தத் தெருவில் உச்சம் கொள்கிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள், விமானச்சீட்டை அதன்பிறகு போடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

தேதியிலேயே பிழை தொடங்குகிறது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் முன் நடக்கும் கொண்டாட்டமான கார்னிவல், ஈஸ்டரோடு சேர்ந்து நகர்வது. ஈஸ்டர் ஞாயிறிலிருந்து 47 நாள் பின்னோக்கி எண்ணினால் கார்னிவல் செவ்வாய் கிடைக்கும். 2027-இல் அது பிப்ரவரி 9, 2028-இல் பிப்ரவரி 29. ‘பிப்ரவரி மூன்றாம் வாரம்’ என்று பொதுவாக அச்சடித்தால் இரண்டு ஆண்டுமே தவறிப்போகும். வெனிஸ் கார்னிவலும் பெல்ஜியத்தின் பான்ஷ் ஊர்க் கார்னிவலும் அதே செவ்வாயன்றுதான் நிறைவடைகின்றன. இரண்டையும் ஒரே பயணத்தில் அடுக்கினால் ஒன்றின் கடைசி நாளை இழந்தே ஆக வேண்டும். பான்ஷுக்கோ அந்தச் செவ்வாய்தான் உயிர்.

அங்கே விடியும் முன்பே மேளக்காரர்கள் வீடு வீடாகப் போய், ‘ஜீல்’ எனப்படும் வேடதாரிகளை அழைத்துக்கொள்கிறார்கள். பச்சைக் கண்ணாடியும் மீசையும் வரைந்த மெழுகு முகமூடியை அவர்கள் காலையில் நகரமன்றப் பக்கம் சிறிது நேரமே அணிவார்கள். நெருப்புக்கோழி இறகுத் தொப்பியும் ஆரஞ்சுப் பழமும் பிற்பகலுக்கு உரியவை. பிரஸ்ஸல்ஸில் காலை உணவை முடித்துக்கொண்டு பேருந்தில் கிளம்பும் குழு முகமூடியைப் பார்க்கவே போவதில்லை. இன்னொன்றும் பயணிகளிடம் சொல்லி அனுப்புங்கள்: மேலே வந்து விழும் ஆரஞ்சு அன்பளிப்பு, அதைத் திருப்பி வீசினால் ஊரை அவமதித்ததாக ஆகும்.

இரண்டு விழாவைச் சேர்த்தே தீர வேண்டுமானால் வழி இருக்கிறது. ஸ்விட்சர்லாந்தின் பாஸல் நகரத்து விழா, கார்னிவல் முடிந்த பிறகு, கார்னிவல் செவ்வாய்க்கு மறுநாளான சாம்பல் புதனுக்கு அடுத்த திங்கள் அதிகாலை சரியாக 4 மணிக்குத் தொடங்கி, வியாழன் அதிகாலை 4 மணிக்கு முடிகிறது. 2027-இல் பிப்ரவரி 9 பான்ஷிலும் 15 பாஸலிலும் நிற்கலாம், நடுவில் ஐந்து நாள் நிதானமாகக் கழியும். பாஸலில் 4 மணி அடித்ததும் நகர மையத்துத் தெருவிளக்குகள் மொத்தமாக அணைகின்றன. வண்ணம் தீட்டிய பெரிய விளக்குக் கூண்டுகளின் வெளிச்சத்தில் சிறு புல்லாங்குழலும் மேளமும் எழுகின்றன. அந்த முதல் நொடிக்காகத்தான் அவ்வளவு தூரம் போகிறோம். நல்ல இடம் வேண்டுமானால் 3 மணிக்கே தெருவில் நின்றாக வேண்டும், விடுதியும் நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும். கேமராவின் ஃப்ளாஷை அணைத்துவிடச் சொல்லுங்கள், ஒரு ஃப்ளாஷ் போதும் அந்த இருட்டைக் கெடுக்க. வெனிஸ் பழக்கத்தில் பயணிகளுக்கு முகமூடி வாங்கித் தந்துவிடாதீர்கள். பாஸலில் வேடம் பங்கேற்பவர்களுக்கே உரியது.

பொலிவியாவின் ஒருரோ ஊர்க் கார்னிவலுக்குக் கூட்டிப் போகிறீர்கள் என்றால் கடிகாரத்தோடு உயரத்தையும் பார்க்க வேண்டும். ஊர் இருப்பது சுமார் 3,700 மீட்டரில். பெரிய ஊர்வலம் கார்னிவல் செவ்வாய்க்கு முந்தைய சனிக்கிழமை. தாழ்நிலத்திலிருந்து வெள்ளிக்கிழமை கொண்டுபோய் இறக்கினால், சனிக்கிழமை பாதிப்பேர் தலைவலியும் குமட்டலுமாக அறையில் படுத்திருக்க நேரலாம். சுமார் 2,500 மீட்டரில் உள்ள கொச்சபம்பாவில் இரண்டு மூன்று நாள் தங்கவைத்து மேலே ஏற்றுங்கள். ஊர்வலம் போவது 4 கிலோமீட்டர்தான், ஆனால் 20 மணி நேரம் இடைவிடாமல் நகர்கிறது. யுனெஸ்கோ குறிப்பின்படி 28,000-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களும் சுமார் 10,000 இசைக்கலைஞர்களும் வருகிறார்கள். மேடையிலிருந்து இரண்டு மணி நேரம் பார்ப்பவருக்கு அது வெறும் ஆடம்பர அணிவகுப்பாகவே தெரியும். பேய்முகம் தரித்து ஆடிக் களைத்தவர்கள் கடைசியில் சொக்கவோன் மாதா கோவிலுக்குள் முழந்தாளிட்டுப் போவதைக் கண்டால்தான் அது நேர்த்திக்கடன் என்பது விளங்கும். ஆகவே கோவில் பக்கமும் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். வழியில் நீர்ப்பலூனும் நுரையும் பறக்கும், கேமராவுக்கு உறை கட்டாயம்.

கியோட்டோவின் கியோன் விழாவுக்குத் தேதிக் குழப்பமே கிடையாது. ஜூலை 17 அன்று 23 தேர்கள், 24 அன்று 11 தேர்கள். இங்கே தவறுவது இடம். ஓய்கே சாலையில் கட்டண இருக்கை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்ததாக நினைக்கிறீர்கள். ஆனால் விழாவின் வித்தை தேர் திரும்பும் முனையில் இருக்கிறது. பெரிய தேர்கள் 12 டன் வரை கனம், சக்கரமோ நேராக மட்டுமே உருளும். முனை வந்ததும் முன்சக்கரத்தடியில் பிளந்த மூங்கில்களைப் பரப்பி, தண்ணீர் ஊற்றி, வடத்தைப் பக்கவாட்டில் கட்டி ஒரே மூச்சில் இழுக்கிறார்கள். தேர் வழுக்கிக்கொண்டு கொஞ்சம் திரும்பும். பிறகு மூங்கிலை மறுபடி அடுக்க வேண்டும். இப்படி மூன்று நான்கு இழுப்பில்தான் முழுத் திருப்பம் முடியும். 17-ஆம் தேதி ஊர்வலம் 9 மணிக்குப் புறப்படுகிறது, ஷிஜோ–கவரமாச்சி முனையில் அதற்கு முன்பே இடம் பிடித்தாக வேண்டும். 10-ஆம் தேதி வாக்கிலேயே போய்ச் சேர முடிந்தால் இன்னும் நல்லது. ஆணியே அடிக்காமல் கயிற்றால் மட்டும் தேர் கட்டுவதைத் தெருவில் நின்றபடி, கட்டணமில்லாமல் பார்க்கலாம். ஊர்வலத்தைவிட அந்தக் கயிற்றுக்கட்டே பெரிய காட்சி என்பது எங்கள் எண்ணம்.

பிரேசிலின் ரியோ கார்னிவலைப் பற்றி ஒன்றே ஒன்று. சம்பா ஆட்டக்குழுக்கள் போட்டியிடும் இரவுகளுக்குச் சீட்டு கிடைக்காதபோது பயணத்தை ரத்து செய்யாதீர்கள். கார்னிவலுக்கு அடுத்த சனிக்கிழமை, முதல் ஆறு இடம் பெற்ற குழுக்கள் (‘சம்பா பள்ளிகள்’) போட்டி நடந்த அதே அணிவகுப்பு அரங்கான சம்பாட்ரோமில் மீண்டும் வருகின்றன.

அடுத்த நிரலை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொரு விழாவுக்கும் எதிரே நாள், மணி, நிற்க வேண்டிய முனை மூன்றையும் எழுதிவிடுங்கள். பாஸல் பக்கத்தில் காலை உணவை 7 மணிக்கு மேல் வையுங்கள்.

இப்படிக்கு,
திருவிழாக்களுக்காகவே பயணம் போகிறவர்கள்