பழைய நகையை வீட்டில் உருக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கத்தின் விலை ஏறிக்கொண்டே போவதால், அறுந்த சங்கிலியையும் துணை தொலைந்த ஒற்றைத் தோட்டையும் வீட்டிலேயே உருக்கிக் கட்டியாக்கிக் கொள்ளலாம் என்று செய்துகாட்டும் காணொளிகள் இப்போது ஏராளமாக உலவுகின்றன. மண்தொட்டியில் கரியை நிரப்பித் தலைமுடி உலர்த்தும் கருவியால் காற்றடிப்பவர்களும் உண்டு, மைக்ரோவேவ் அடுப்புக்குள் சிலிக்கான் கார்பைடு மூசையை (உலோகம் உருக்கும் கிண்ணத்தை) வைப்பவர்களும் உண்டு. (அதே அடுப்பில் மறுநாள் பால் காய்ச்சுவார்களோ என்னவோ!) இவை ஏமாற்று வேலை அல்ல, தங்கம் உண்மையாகவே உருகுகிறது. அந்தக் காணொளிகள் சொல்லாமல் விடுவதைப் பற்றியே இக்கடிதம்.

தங்கம் 1064 டிகிரி செல்சியசில் உருகும். சமையல் எரிவாயுச் சுடரின் வெப்பநிலை அதைவிட அதிகம் என்றாலும், அடுப்பின்மேல் வெறுமனே வைத்த மூசை தான் பெறும் வெப்பத்தை நாற்புறமும் இழந்துகொண்டே இருப்பதால் உள்ளிருக்கும் தங்கம் உருகுவதில்லை. சுற்றிலும் கரியை அடுக்கிக் காற்றை ஊதி, வெப்பம் வெளியேறாமல் காத்தால் உருகிவிடும். குமுட்டி அடுப்பையும் ஊதுகுழலையும் வைத்துக்கொண்டு நம் பொற்கொல்லர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்ததும் இதுதான். ஆகவே கருவி எளியதாக இருப்பதை நான் குறை சொல்லமாட்டேன்.

தங்கத்தை உருக்கும்போது சேர்க்கும் வெண்காரத்தின் (போராக்ஸ்) வேலையைத்தான் பலர் சரியாக விளக்குவதில்லை. 22 காரட் நகையில் உள்ள செம்பு சூட்டில் காற்றுடன் சேர்ந்து கருக்கும். உருகிய வெண்காரம் அந்தக் கருப்பைக் கரைத்துக் கண்ணாடி போன்ற கசடாக மேலே மிதக்க வைக்கிறது. பச்சை வெண்காரத்தை அப்படியே தூவினால், அதிலுள்ள நீர் ஆவியாகும்போது பொங்கி எழுந்து அரத்தூள் போன்ற நுண்ணிய தங்கத்தையும் தூக்கி எறியும் என்பதால்தான் பட்டறைகளில் அதை முதலில் பொரித்து வைத்துக்கொள்கிறார்கள். வார்க்கும் அச்சையும் சுடவைத்தே பயன்படுத்த வேண்டும். அதில் சிறிது ஈரம் இருந்தாலும் நீராவி வெடித்து, உருகிய தங்கம் முகத்தில் தெறிக்கும்.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து, நகையின் துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்த பற்றவைப்பில் இருக்கிறது. கே.டி.எம். என்பதை ஒரு தரமுத்திரையாகவே நம்மில் பலர் இன்றும் கருதுகிறோம். உண்மையில் அது காட்மியம் கலந்த பொடியால் பற்றவைத்த நகை. காட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், தங்கம் உருகாமல் சிவந்து கிடக்கும்போதே அது ஆவியாகி, காற்றில் நுண்புகையாகப் பரவத் தொடங்கிவிடும். அதைச் சுவாசித்தவருக்கு அப்போது தொண்டைக் கரகரப்புக்கு மேல் ஒன்றும் தெரியாமல் போகலாம். சில மணி நேரம் கழித்துக் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வந்து, நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாக முடிவதுண்டு. துணி முகக்கவசம் இதைத் தடுக்காது. மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் இதனுடன் சேர்ந்துகொள்ளும்.

எளிய கருவியோடும் நச்சைத் தவிர்க்க முடியும் என்பதற்குப் பிலிப்பைன்சின் பெங்கெட் மாகாணத்துச் சிறு சுரங்கத் தொழிலாளர்கள் சான்று. பல நாடுகளில் சிறு சுரங்கத்தார் தங்கத் துகள்களைப் பாதரசத்தில் சேர்த்துப் பிறகு அதைச் சூடாக்கி ஆவியாக்குகிறார்கள். 357 டிகிரியில் கொதிக்கும் பாதரசம் நேரே அவர்கள் மூச்சில் கலக்கிறது. பெங்கெட்டிலோ, அலசிச் செறிவாக்கிய கனமான மணலுடன் வெண்காரத்தைக் கலந்து கரியடுப்பிலேயே உருக்குகிறார்கள். மணலின் தாதுக்கள் இளகிய கசடாகிவிட, அடர்த்தி மிகுந்த தங்கம் அடியில் திரள்கிறது.

நகையின் காரட்டை எக்ஸ் கதிரால் அளக்கும் கருவி காட்மியத்தையும் காட்டக்கூடியது. பழைய நகையை உருக்க நினைப்பவர்கள் முதலில் அந்தச் சோதனையைச் செய்து, காட்மியம் இருப்பதாகத் தெரிந்தால் புகைபோக்கி வசதியுள்ள பட்டறையில் கொடுத்துவிடுவதே நல்லது. சிறு அறைகளில் நாள் முழுதும் இந்த வேலையைச் செய்யும் பொற்கொல்லர்களுக்குப் புகை உறிஞ்சும் கருவிகளை மானிய விலையில் வழங்க அரசு முன்வர வேண்டும் என்பதையும் தங்கள் நாளிதழ் வாயிலாக வலியுறுத்துகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோயம்புத்தூர்.